ஒடிய வேண்டிய ஆணி

சென்ற மாதம் ஒரு எஞ்சினியர் போனில் பேசினார். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். இப்போது பெரிய கம்பெனி ஒன்றில், வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து வாங்கும் பிரிவுக்குத் தலைவர். "இப்பெல்லாம் வீடியோ கால்லயே இன்ஸ்பெக்‌ஷன முடிச்சுப்போடறமுங்க சார். நேர்ல போறதே இல்லீங்க. உங்க காலத்துல ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்துப் பாத்துத்தானுங்களே கையெழுத்துப் போட்டிருப்பீங்க?" என்று கேட்டார். "பின்னே?" என்று பெருமையாகச் சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனது கேட்கவில்லை. நாங்கள் நேரில் போய்க் கிழித்த லட்சணத்தை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியராக இருந்தவன். இதைச் சொன்னதும் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எதிரில் இருப்பவரின் கண் முதலில் என் விரலுக்கும் அடுத்து என் மனைவியின் கழுத்துக்கும் போகும். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த என் மாமனாரும் அந்தக் கணக்கில்தான் பெண் கொடுத்தார். "மாப்பிள்ளைக்குத் தங்கத்துலயே வேலைங்க" என்று மண்டி மண்டியாகச் சொல்லிவந்தவர், பத்து வருஷம் கழித்தும் மகள் கழுத்தில் தான் போட்டு அனுப்பிய சங்கிலி மட்டுமே தொங்குவதைப் பார்த்து என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தங்கம் வேறு பிரிவு, வேறு கட்டடம், வாசலில் துப்பாக்கிக்காரன். எனக்கு வாய்த்தது கிரீஸ், தண்ணீர், இரும்பு வடம். ஆட்களைக் குழிக்குள் இறக்கி உயிரோடு மேலே ஏற்றுவதுதான் என் பிரிவின் வேலை.

கோயமுத்தூரில் படித்தேன். எழுபதுகளில் கர்நாடகப் பக்கம் போய் அந்தச் சுரங்கத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் இரண்டு வருஷம். அதில் முதல் வருஷம் முழுக்க, நான் படித்த படிப்பு எதற்கும் உதவாது என்று ஃபிட்டர்கள் எனக்குப் புரியவைத்தார்கள். இரண்டாவது வருஷம் அவர்கள் சொன்னதைக் கேட்டேன். அவ்வளவுதான் பயிற்சி.

அங்கே நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரு கொக்கியைப் பற்றி. ஆட்கள் ஏறும் கூண்டு இரும்பு வடத்தில் தொங்கும். வடத்துக்கும் கூண்டுக்கும் நடுவில், கனத்த தகடுகளை அடுக்கிச் செய்த இந்தக் கொக்கி இருக்கும். எஞ்சின் ஓட்டுகிறவர் அசந்துபோய், கூண்டைத் தரைமட்டத்தில் நிறுத்தாமல் மேலே இழுத்துவிட்டால், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் வளையத்துக்குள் கொக்கி நுழையும். வளையம் தகடுகளை நெருக்கும். தகடுகளை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு செம்பு ஆணி. நெருக்குகிற நெருக்கில் அந்த ஆணி ஒடிய வேண்டும். ஒடிந்தால் தகடுகள் நகர்ந்து வடத்தை விட்டுவிடும். கொக்கி வளையத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கூண்டு ஆட்களோடு பத்திரமாகத் தொங்கும். ஆணி ஒடியாவிட்டால் எஞ்சினின் இழுப்பில் வடம் அறுந்துபோகும். அறுந்தால் கூண்டு எங்கே போகும் என்று நான் எழுதத் தேவையில்லை. எங்கள் குழியின் ஆழத்தைக் கிலோமீட்டரில்தான் சொல்லுவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கியை இறக்கிப் பிரித்து, துடைத்து, புது செம்பு ஆணி போட்டு மாட்டுவது விதி. நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் அந்த ஆணி ஒடிந்ததை நேரில் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து ஏறிவந்த கூண்டு நிற்காமல் மேலே போய்விட்டது. ஒரு பெரிய சத்தம். வடம் மட்டும் சுழன்றுகொண்டு போக, கூண்டு உச்சியில் நின்றது. ஏணி வைத்து இருபது பேரை இறக்கினோம். முதலில் இறங்கியவர் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இரண்டாவதாக இறங்கியவர் பீடி கேட்டார். நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளில் சுரங்கம் சுருங்க ஆரம்பித்தது. எங்கள் சொந்த ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். இனிமேல் கொக்கி, பம்ப், கப்பி எல்லாம் வெளியே செய்து வாங்குவது, இரும்பு வேலைக்குக் கோயமுத்தூரை விட்டால் வேறு ஊர் ஏது என்று மேலிடம் முடிவு செய்தது. அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்து, செய்த சாமானைச் சோதித்து அனுப்ப இரண்டு அதிகாரிகளைப் போட்டார்கள். ஒருவர் விஸ்வநாதன். அடுத்தவன் நான். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே போஸ்டிங் என்று உறவுக்காரர்கள் வீடு தேடி வந்து வாழ்த்தினார்கள்.

விஸ்வநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மேலதிகாரி. வெள்ளை பேண்ட் போடுவார். எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, அதன்மேல் தன் கைக்குட்டையையும் விரித்துக்கொண்டு உட்காருவார். அதன் பிறகு எழுந்திருக்கமாட்டார். இரும்பை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. சர்ட்டிபிகேட்டை வாங்கி, வரிக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேலை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். பக்க எண் தப்பாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "இதை மாத்தி டைப் அடிச்சுக் கொண்டு வாங்க" என்று பச்சை மையில் வட்டம் போடுவார். பட்டறைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வரும் நாளில் வேண்டுமென்றே இரண்டு சின்னத் தப்பு விட்டு வைப்பார்கள். அவரும் கண்டுபிடித்துவிட்டுத் திருப்தியாக மோர் குடித்துவிட்டு வருவார். இதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன்! இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம். 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்தே போடமாட்டார். அது என் வேலை.

கொக்கி செய்யும் ஆர்டர் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் இருந்த பொன்னுசாமியின் பட்டறைக்குப் போயிற்று. பம்ப்பும் கரும்பு ஆட்டும் மிஷினும் செய்து பெயர் வாங்கியவர். "நம்ம சாமான் ஒடையாதுங்க" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். எந்தப் பாகமானாலும் வரைபடத்தில் கேட்டதைவிட ஒரு நூல் கனம் கூடவே செய்வார். கிணற்றுப் பம்ப்புக்கு அது சரிதான். விவசாயி கையெடுத்துக் கும்பிடுவான்.

முதல் ஆறு கொக்கிகள் தயார் என்று அவர் சொல்லியனுப்பியது ஆயுதபூஜை சமயத்தில். நாங்கள் போனது பூஜைக்கு மறுநாள் காலை. வாசலில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. லேத்துகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நடு மேடையில் எங்கள் ஆறு கொக்கிகளும் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் மல்லிகை சுற்றி உட்கார்ந்திருந்தன. விதிப்படி நான் அதில் ஒன்றையாவது பிரித்து, ஆணியைத் தட்டி வெளியே எடுத்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து உள்நிறத்தைப் பார்த்திருக்க வேண்டும். பையில் சுத்தியலும் அரமும் இருந்தன.

"ஏனுங்க சார், சாமி கும்புட்டு வெச்ச சாமானுங்க" என்றார் பொன்னுசாமி. "இன்னைக்குப் போயி சுத்தியல்ல தட்டிக் கழட்டோணுங்களா? லாரியும் வந்து நிக்குதுங்க. ஒவ்வொண்ணும் நானே பக்கத்துல நின்னு செஞ்சதுங்க."

நான் விஸ்வநாதனைப் பார்த்தேன். அவர் நெற்றியிலும் அன்றைக்குச் சந்தனம். "பூஜை போட்டதைப் பிரிக்கறது நல்லாவா இருக்கும்? சர்ட்டிபிகேட்டைக் கொண்டாங்க" என்றார். ஸ்கேலை வைத்துப் படித்தார். ஆணி: செம்பு என்று வரைபடத்தில் இருந்தது அப்படியே டைப் அடித்திருந்தது. மூன்றாம் பக்கத்துக்கு நம்பர் போடவில்லை. அதைத் திருத்தி வாங்கினார். எனக்கு ஒரு தட்டில் சுண்டலும் பொரியும் வந்தன. ஒரு கையில் பொரியை வைத்துக்கொண்டு மறு கையால் 'சோதித்தவர்' இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சுரங்கத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். கூண்டு உச்சியில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவன். பூ வைத்த இரும்பைத் தட்டக் கூச்சப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஆறு கொக்கிகள். விஸ்வநாதனுக்கு ஜலதோஷம்; நான் மட்டும் போனேன். பூவும் இல்லை, பொரியும் இல்லை. ஒன்றைப் பிரித்து ஆணியைத் தட்டினேன். வர மறுத்தது. இன்னும் ஓங்கி அடித்ததும் வந்து விழுந்தது. விழுந்த சத்தமே சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி அரத்தைப் போட்டேன். சிவப்புக்குப் பதில் வெள்ளையாக மின்னியது. நல்ல முதல் தர ஸ்டீல்.

அந்த ஆணிகளைக் கடைந்தவர் கோட்டைமேட்டுத் தாகிர் பாய். அந்தப் பட்டறையின் மூத்த டர்னர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"செம்புலதானுங்க மொதல்ல கடைஞ்சேன்" என்றார். "மொதலாளி கையில வெச்சு வளைச்சுப் பாத்தாரு. இது எதுக்காகும், ஸ்டீல்ல போடுங்கன்னுட்டாரு. நான் படத்தக் காட்டுனனுங்க. எனக்குத் தெரியாதா பாய்னாரு. அப்புறம் நான் என்னத்தச் சொல்றதுங்க?"

"முதல்ல போன ஆறும்?"

"அதுவும் இதேதானுங்க."

அங்கேயே ஒரு வார்ப்பு அச்சின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பொன்னுசாமி ஓடி வந்தார். ஏமாற்றியவர் முகமா என்றால் இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

"ஏனுங்க, அத்தன பேரு தொங்கற சாமானுங்க. செம்பு மெல்லிசுங்க. கைல வளையற ஆணிய நம்பி எப்படீங்க ஆள ஏத்தறது? அதான் நம்ம பங்குக்கு ஸ்டீல்ல போட்டு உட்டனுங்க. செலவு கூடத்தான். பரவால்லீங்க."

கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னேன். ஒடிவதற்காகவே வைத்த ஆணி என்பதை அவரால் முதலில் நம்பவே முடியவில்லை. இரண்டாம் தரம் சொன்னதும் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போயிற்று.

"அப்ப மொதல்ல போனதுங்க?"

கையிலிருந்த ஸ்டீல் ஆணியை அவரிடம் நீட்டினேன்.

"இப்பவே காரெடுத்துட்டுப் போயி, நானே கழட்டி மாத்திக் குடுத்துப்போட்டு வந்தர்றனுங்க. தப்பு என்னுதுன்னே எழுதித் தர்றனுங்க. பாய், செம்புல ஆறு கடைங்க, சீக்கிரம்!" என்று சட்டையை மாட்டினார்.

அவரைத் தடுத்தவன் நான். "கொஞ்சம் இருங்க. இந்த ஆறுக்கு மட்டும் செம்பு மாத்துங்க. மத்ததை ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். ஒரு தப்பைச் செய்துவிட்டு அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளச் சட்டையை மாட்டிய மனிதரை, அதே சட்டையோடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். அப்போது சுரங்கத்தில் யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஃபைலில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் போதும். என் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காரணம் இவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமாக முயன்றும் கிடைக்கவில்லை.

விஸ்வநாதன் முழுவதையும் கேட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆணியை மாத்துவாங்க இல்லையா? அப்ப செம்பு போட்டுடுவாங்க. தன்னால சரியாயிடும்" என்றார்.

"இன்னும் நாலு மாசம் இருக்கே சார்?"

"நாலு மாசத்துல எஞ்சின் டிரைவர் தூங்கிடுவான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? எழுதணும்னா எழுதுங்க. நான் தடுக்கல. முதல் கேள்வி சோதிச்சது யாருன்னு வரும். பதில் நீங்கதான் சொல்லணும்." அவ்வளவுதான், அடுத்த ஃபைலை எடுத்து ஸ்கேலை வைத்துவிட்டார்.

நான் தந்தி ஃபாரம் ஒன்றை எடுத்து எழுதினேன். கொக்கிகளைப் பயன்படுத்தாதீர், ஆணி ஸ்டீல் என்று சுருக்கமாக. எழுதி மேஜை டிராயரில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று. அந்த நாளை ஒன்பது நாள் வரவில்லை. ஒன்பது நாளும் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் விபத்துச் செய்தியைத் தேடுவேன். இல்லை என்றதும் காப்பி ருசிக்கும். என்ன ஒரு பிறவி! நடுவில் கோபியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, "ஏனப்பா, கீழ போற ஆளுக எல்லாம் மண்ணுல தங்கத்த ஒளிச்சுக் கொண்டாருவாங்களாமா?" என்று கேட்டார். அவர்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்பது எனக்குத் தெரியும். இருமலும் சோற்றுப் பாத்திரமும். அவர்கள் மேலே வந்தால் போதும் என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வரவைக்க வேண்டியவன் நான் என்பதை மறந்துவிட்டு, சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் மாடிப்படியில் ஒருவர் மூச்சு வாங்க ஏறிவந்தார். அருள்தாஸ் மேஸ்திரி. சுரங்கத்தில் வடம், கொக்கி வேலைக்கெல்லாம் பொறுப்பானவர். எனக்கு இருபது வருஷப் பழக்கம். அவரைப் பார்த்ததும் செத்தேன் என்று நினைத்தேன். எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் என் மேஜைமேல் ஒரு துணி மூட்டையை அவிழ்த்தார். ஆறு ஸ்டீல் ஆணிகள்.

"போன வாரம்தான் இதுங்க மாட்டுற டர்ன் வந்துச்சு சார்" என்றார். "வெளியேருந்து வந்த சாமான அப்டியே மாட்ட மாட்டோம். தொறந்து பாத்துட்டுதான். பூவெல்லாம் காஞ்சு ஒட்டிகினு இருந்துச்சு. தொறந்தா இது. நம்ம கிட்ட இருந்த செம்பு ஆணிய போட்டு மாட்டிட்டோம். ஒண்ணும் ஆவல."

ஒன்றும் ஆகவில்லை. கொக்கிகள் இரண்டு மாதமாக ஸ்டோரில் தூங்கியிருக்கின்றன. மாட்டும் நாள் வந்தபோது, எங்கள் சர்ட்டிபிகேட்டை ஒரு பொருட்டாக மதிக்காத ஒரு மேஸ்திரி சுத்தியலை எடுத்திருக்கிறார். நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார். என் தந்தி டிராயரில் பத்திரமாக இருந்தது.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க, மேஸ்திரி?"

"இந்த ஆணிங்கள திருப்பிக் குடுக்கறதுக்கு ஆபீஸ்ல அனுப்பினாங்க. அது ஒரு சாக்கு சார்." மூட்டைத் துணியை மடித்தார். "கூண்டுல போற பசங்க ஒண்ணு சொல்லி வுட்டாங்க. சண்டைக்கு இல்ல, கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல. இத பாஸ் பண்ணவரு மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டு வான்னாங்க. எப்டி இருப்பாருன்னு தெரிஞ்சிக்கணுமாம். சர்ட்டிபிகேட் பெரிய ஆபீஸ்ல இருக்குது, எங்க கண்ல காட்டல. யாரு சார் அது?"

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டதற்கு அதுதான் ஆதாரம். கையை மட்டும் தூக்கி, விஸ்வநாதனின் அறைக் கதவைக் காட்டினேன்.

மேஸ்திரி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். திறந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. விஸ்வநாதன் ஸ்கேலிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். பாக்கலாம்னு வந்தேன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெள்ளை பேண்ட்டை, பச்சை மை பேனாவை, முகத்தை. பிறகு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

எதிர் டீக்கடைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். அன்று மாலையே அந்தத் தந்தி ஃபாரத்தைக் கிழித்தேன். விஸ்வநாதன் இரண்டு வருஷத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விபத்து நடக்காததால் மேலிடம் எதையும் கிளறவில்லை; நானும் பட்டியலில் தப்பித்துக் கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றேன். பொன்னுசாமி மட்டும் அதன் பிறகு சுரங்கத்து ஆர்டர் எதையும் எடுக்கவில்லை. அந்தச் சட்டையை அன்று கழற்றியது தப்பு என்று ஒருமுறை சொன்னார். நான் பேச்சை மாற்றினேன். இத்தனை பக்கம் விஸ்வநாதனை ஏளனம் செய்திருக்கிறேனே, அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்து இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மேஸ்திரி டீயை ஊதிக் குடித்தார். "பாத்துட்டேன் சார். இனிமே எங்க பாத்தாலும் அடையாளம் தெரியும். பசங்க கிட்ட சொல்றேன்" என்றார். "உங்கள மாதிரி ஒரு ஆளு இங்க இருக்கும்போதே இப்டின்னா, இல்லாட்டி என்னா ஆயிருக்கும்?"

அவர் பார்த்துவிட்டுப் போக வேண்டிய முகம், எதிரில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டியது.